கோதுமை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்த மாத்திரை

கேள்வி: எனக்கு 37 வயது. விருதுநகர் மாவட்டம். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. பதினான்கு மாதங்களுக்கு முன் சிறுகுடலில் இருந்த ஒரு கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 8 செ.மீ. என்று பார்த்ததும் தையல் டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். ஜிஸ்ட் என்ற அபூர்வமான புற்றுநோய் என்றார்கள். கிட் எக்ஸான் 11 என்று இன்னொரு ரிப்போர்ட்டும் வந்தது. தினம் ஒரு இமாடினிப் 400 மாத்திரை, மூன்று வருடம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். கணவருக்கும் எனக்கும் மட்டும்தான் இது தெரியும். மாமியாரிடம் "குடல்ல கட்டி, எடுத்தாச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். மாத்திரையைக் கோதுமை மாவு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். போன மாதம் நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து. வீடு நிறைய ஆட்கள். நான்கு நாள் மாத்திரையே போடவில்லை. பிள்ளைகளிடம் சொல்லலாமா? இது அவர்களுக்கும் வருமா? மகள் கல்யாணத்துக்குத் தடையாகுமா? மூன்று வருடம் முடிந்தால் நோய் முடிந்ததா? ஆஸ்பத்திரியில், எடுத்த கட்டியையும் என் விவரங்களையும் ஆராய்ச்சிக்குத் தர சம்மதமா என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். எனக்குக் கையெழுத்துப் போட ஆசை. கணவர் "நாம என்ன சோதனை எலியா?" என்கிறார். இன்னொன்று: மாத்திரை ஆரம்பித்த பிறகு என் நிறம் வெளுத்திருக்கிறது. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் "என்ன க்ரீம் போடுறீங்க?" என்று கேட்கிறார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்டவை ஒருபக்கம் இருக்கட்டும். கேட்காமல் போகிற போக்கில் எழுதிய அந்த நான்கு நாள்தான் என் கண்ணில் முதலில் பட்டது. திட்டப் போவதில்லை. அவ்வளவு பேர் இருக்கிற அடுப்படியில் மாவு டப்பாவைத் திறந்து கையை விட்டு அட்டையைத் தேட எந்தப் பெண்ணுக்குத்தான் துணிச்சல் வரும்? ஆனால் இந்த மாத்திரையின் வேலை என்னவென்று தெரிந்தால், டப்பாவை இடம் மாற்றத் தோன்றும்.

நம் குடல் சுவரில், உணவைத் தள்ளிக்கொண்டு போகிற அசைவுக்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் செல்கள் இருக்கின்றன. ஜிஸ்ட் அந்த வகைச் செல்களிலிருந்து கிளம்புவது. சாதாரண வயிற்றுப் புற்றுநோய், குடல் புற்றுநோயிலிருந்து இது முழுக்க வேறு. உங்கள் கட்டியில் கிட் என்ற மரபணுவில் ஒரு பிழை. தையல் மெஷின் மோட்டாரின் மிதி அமுங்கினபடியே மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? காலை எடுத்தாலும் ஊசி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பிழை செய்வது அதைத்தான்: செல்லைப் 'பெருகு, பெருகு' என்று விரட்டிக்கொண்டே இருக்கும். இமாடினிப், அந்த மிதிக்கு அடியில் செருகின கட்டை. ஆபரேஷனுக்குப் பிறகும் கண்ணுக்குத் தெரியாமல் சில செல்கள் உள்ளே தங்கியிருக்கலாம். அவை தலை தூக்காமல் இருக்கத்தான் இந்தக் கட்டை. கட்டையை உருவினால் மிதி பழையபடி அமுங்கும்.

நான்கு நாளில் எல்லாம் கெட்டுப் போயிருக்காது, பயப்படாதீர்கள். விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்து இரண்டு மூன்றாகப் போடவும் வேண்டாம். அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவர் ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்த்துக்கொள்வார். ஒன்று சொல்கிறேன், மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். இதே மாத்திரையை 5 வருடம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. 91 பேர். ஏறக்குறைய பாதிப் பேர் 5 வருடத்தை முடிக்கவில்லை. ஐந்தில் ஒருவர் தாங்களாகவே 'போதும்' என்று நிறுத்திக்கொண்டவர்கள். ஆய்வில் சேர்ந்து, நர்ஸ் கூப்பிட்டு விசாரிக்கிற நிலையிலேயே மனிதர்களுக்கு அலுத்துப் போகிறது. நீங்கள் யாரிடமும் சொல்லாமல், மாவு டப்பாவை வைத்துக்கொண்டு பதினான்கு மாதம் ஓட்டியிருக்கிறீர்கள்.

அதனால் என் முதல் மருந்துச் சீட்டு இது: அந்த அட்டை சாப்பிடுகிற இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர்ச் சொம்போடு வெளிப்படையாக இருக்க வேண்டும். சின்னவன் கைக்கு மட்டும் எட்டக் கூடாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட வேண்டிய மாத்திரை அது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். வெள்ளிக்கிழமை, சஷ்டி என்று விரதம் இருக்கிற வீடாக இருந்தால், விரதத்தை நீங்கள் விட்டுவிடுவதுதான் நல்லது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். கிரேப் ஃப்ரூட் கூடாது. நம்மூர் பம்ப்ளிமாஸ் அதற்குச் சொந்தக்காரன், அதையும் தள்ளி வையுங்கள். வலிப்பு மாத்திரை, காசநோய் மருந்து, நாட்டு மருந்து என்று எது புதிதாகச் சேர்ந்தாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சில மருந்துகள் இமாடினிப்பின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், சில கூட்டிவிடும். காலையில் கண் இமை வீங்குவது, ராத்திரி கெண்டைக்காலில் நரம்பு இழுத்துப் பிடிப்பது எல்லாம் இந்த மாத்திரையோடு வருகிற வழக்கமான தொல்லைகள். மலம் கறுப்பாகப் போனால், திடீரென்று கடுமையான வயிற்றுவலி வந்தால், மூச்சு வாங்கினால், ஒரே வாரத்தில் எடை ஏறினால் காத்திருக்கக் கூடாது. மாத்திரை எடுக்கிற காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பதையும் யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையென்றால் நான் சொல்கிறேன், கணவரோடு பேசி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அட்டை வெளியே வந்தால் கேள்வியும் வரும். அதுதான் உங்கள் பயம்.

பெரியவளுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். அம்மா பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வயிற்றில் தையலோடு வந்ததை 11 வயதுப் பெண் மறப்பாளா? கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருவரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதை அவள் கேட்டிருப்பாள். தெரியாத மீதியைப் பிள்ளைகள் கற்பனையில் நிரப்பிக்கொள்வார்கள், அது எப்போதும் உண்மையைவிடப் பயங்கரமாக இருக்கும். என் ஓ.பி.யில் ஒரு தாயோடு ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. அவன் என் மேஜை ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே, "நான் தூக்கத்துல உதைச்சதாலயா?" என்று கேட்டான். அந்தத் தாய் அப்படியே உறைந்து போனார். ஐந்து மாதமாக அந்தப் பிள்ளை ராத்திரி ராத்திரி சுவர் ஓரமாக ஒதுங்கிப் படுத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஏன் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

மகளிடம் நோயின் பெயரையே சொல்லுங்கள். வேறு யார் வாயிலிருந்தாவது அந்தச் சொல் அவள் காதில் விழுவதைவிட உங்கள் வாயிலிருந்து விழட்டும். துணி மடிக்கும்போதோ, பட்டன் வைக்கும்போதோ, கை வேலையாக இருக்கிற நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். முகத்துக்கு நேர் உட்கார வைத்துச் சொன்னால் மிரண்டுவிடுவாள். "அம்மாவுக்கு வயித்துல வந்த கட்டி ஒரு வகைப் புற்றுநோய். எடுத்தாச்சு. திரும்ப வராம இருக்க மாத்திரை போடுறேன். யாராலயும் வந்ததில்ல, யாருக்கும் ஒட்டாது. உனக்குச் சந்தேகம் வந்தா என்கிட்டயே கேளு." இவ்வளவு போதும். "செத்துப் போயிடுவியா?" என்று கேட்டால், மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். "அது வராம இருக்கத்தான் மாத்திரை, ஸ்கேன் எல்லாம். ஏதாவது மாறினா உன்கிட்ட மறைக்க மாட்டேன்" என்று சொல்லி, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். சின்னவனுக்கு இதில் கால்வாசி போதும்: அம்மா வயிற்றில் கட்டி இருந்தது, டாக்டர் எடுத்துவிட்டார், சோற்றுக்கு அப்புறம் அம்மா மாத்திரை போட வேண்டும். தினமும் ராத்திரி "அம்மா, மாத்திரை" என்று ஞாபகப்படுத்துகிற வேலையை அவனிடம் ஒப்படைத்துப் பாருங்கள். ஆறு வயதுக்காரனைப் போல் கறாரான சூப்பர்வைசர் கிடைக்க மாட்டான்.

மாமியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், அவர் மகன் சொல்லட்டும். அது அவர் வேலை.

அடுத்து, கல்யாணக் கவலை. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள எக்ஸான் 11 என்ற வரி, அதாவது கிட் மரபணுவின் எந்தப் பகுதியில் பிழை என்று சொல்கிற வரி, இங்கே உங்களுக்குத் துணை. அந்தப் பிழை அநேகமாக எல்லோருக்கும் கட்டியின் செல்லில் மட்டும், வாழ்க்கையின் நடுவில் ஏற்படுவது. நீங்கள் பிறந்தபோது இல்லை. கருமுட்டையில் இல்லை. அதனால் பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை. குடும்பத்தில் வழிவழியாக ஜிஸ்ட் வருகிற வீடுகள் உலகத்திலேயே மிகச் சில. உடம்பில் காப்பி நிறத் திட்டுகளோடு வருகிற நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற பரம்பரை நோயோடும், சிறு வயதிலேயே வயிற்றில் வருகிற இன்னொரு வகையோடும் ஜிஸ்ட் சேர்ந்து வருவதுண்டு. அவற்றில் பெரும்பாலும் கிட் பிழை இருக்காது, உங்களுக்கு இருக்கிறது. உங்கள் அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது இதே கட்டி இருந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் பிள்ளைகளுக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. உங்கள் மகளின் ஜாதகத்தில் இந்த ரிப்போர்ட்டுக்கு வேலை இல்லை.

மூன்று வருடம் முடிந்தால் நோய் முடிந்ததா? நேராகவே சொல்கிறேன். முடிந்திருக்கலாம், திரும்பவும் வரலாம். 8 செ.மீ., அதுவும் சிறுகுடலில் என்றால் திரும்பும் வாய்ப்பு அதிகமுள்ள வகை. அதனால்தான் மாத்திரை. நிறுத்திய பிறகு வருகிற முதல் ஒன்றிரண்டு வருடம் கவனமாக இருக்க வேண்டிய காலம், ஸ்கேனை அப்போதுதான் அடிக்கடி எடுப்போம். நிறுத்தவே வேண்டுமா என்பதும் இப்போது பேசப்படுகிற விஷயம். பிரான்சில் மூன்று வருடம் முடித்தவர்களில் ஒரு பகுதியினரை நிறுத்தச் சொல்லி, மற்றவர்களை மேலும் மூன்று வருடம் தொடரச் சொல்லி ஒப்பிட்டார்கள். தொடர்ந்தவர்களிடம் நோய் திரும்பி வந்தது குறைவு. உங்களுக்கு இன்னும் 22 மாதம் இருக்கிறது. அந்த நேரம் வரும்போது இந்தப் பேச்சை உங்கள் டாக்டரிடம் நீங்களே எடுங்கள்.

இப்போது எலிக்கு வருவோம்.

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. ஏழைகளை வைத்து முறையில்லாமல் மருந்து சோதித்த கதைகள் இந்த நாட்டில் உண்டு, அவர் பயம் வானத்திலிருந்து விழவில்லை. ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: "டாக்டர் மூணு வருஷம்னு சொன்னாரே, அந்த மூணு எங்கேருந்து வந்துச்சு?"

2004 முதல் 2008 வரை பின்லாந்து, நார்வே, ஸ்வீடன், ஜெர்மனி நாடுகளில் உங்களைப் போலவே ஆபரேஷன் முடிந்து, நோய் திரும்பும் அபாயம் அதிகமாக இருந்த 400 பேர் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஒரு வருடம் மாத்திரை, பாதிப் பேருக்கு மூன்று வருடம். யாருக்கு எது என்று குலுக்கல்போல முடிவானது. 10 வருடம் கழித்துப் பார்த்தபோது மூன்று வருடம் எடுத்தவர்களில் 100க்கு 79 பேர் உயிரோடு இருந்தார்கள், ஒரு வருடம் எடுத்தவர்களில் 100க்கு 65 பேர். உங்கள் மருந்துச் சீட்டில் இருக்கிற அந்த '3' என்ற எண், கையெழுத்துப் போட்ட 400 பேரால் வந்தது. அதற்கும் முன்னால் ஒரே ஒருத்தி. 1998இல்தான் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஜிஸ்ட் கட்டியில் கிட் பிழையைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை இதைத் தசைக் கட்டி என்று நினைத்துக் கீமோ கொடுத்துக்கொண்டிருந்தோம், ஒன்றும் கேட்காது. 2000 மார்ச்சில் ஹெல்சிங்கியில், எல்லா வைத்தியமும் தோற்றுப்போன ஒரு பெண்ணுக்கு, அப்போது ரத்தப் புற்றுநோய்க்காகச் சோதித்துக்கொண்டிருந்த இமாடினிப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கின. அந்தப் பெண்ணுக்குப் பிறகுதான் நாம் எல்லோரும்.

விலையிலும் ஒரு கதை இருக்கிறது, அதில் சென்னைக்குப் பங்கு உண்டு. இந்த மாத்திரையின் ஒரு வடிவத்துக்கு நோவார்டிஸ் என்ற மருந்துக் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2006இல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று அலைந்து, 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது, காப்புரிமை இல்லை. எதிர்த்து நின்றவர்களில் புற்றுநோயாளிகளுக்காகப் பாடுபடும் ஒரு சங்கமும் இருந்தது. அந்த நாளில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விலை சொன்ன மருந்தை, நம் நாட்டுக் கம்பெனிகள் பத்தாயிரத்துக்கும் கீழே கொடுத்தன. அதனால் 'ஆராய்ச்சி' என்றால் எல்லாம் கம்பெனிக்காரர் வேலை என்று நினைக்க வேண்டாம். நோயாளிகளும் இதில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

சரி, உங்களிடம் கேட்டது என்ன? புது மருந்தைச் சாப்பிடச் சொல்லவில்லை. ஆபரேஷனில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, தீப்பெட்டிக்குள் அடங்குகிற சின்ன மெழுகுத் துண்டுகளாக ஆஸ்பத்திரி வைத்திருக்கும். உங்கள் நோயைக் கண்டுபிடிக்க அதிலிருந்து சில சீவல்கள் போதும். மீதி அலமாரியில் தூங்குகிறது. ரவிக்கை வெட்டியதும் மிஞ்சுகிற துண்டை நீங்கள் வாடிக்கையாளரிடம் கேட்காமல் எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் அல்லவா? அதே மரியாதைதான் அந்தப் படிவம். ஜிஸ்ட், பல நாட்டுக் கணக்குப்படி வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் 10 முதல் 15 பேருக்கு வருவது. ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒரு வருடத்தில் வருகிறவர்களை வைத்து எதையும் படிக்க முடியாது. பல ஊர்த் துண்டுகள் ஒன்று சேர வேண்டும். அதற்காகத்தான் சென்னை ஐ.ஐ.டி.யில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி என்றே ஒன்று நடக்கிறது.

கையெழுத்துக்கு முன் கணவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். என் பெயருக்குப் பதில் எண் போடுவீர்களா? இந்த ஆய்வுக்கு நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா? பிறகு மனசு மாறினால் விலகலாமா? புதிதாக ஏதாவது தெரிந்தால் எனக்குச் சொல்வீர்களா? சம்மதிக்காவிட்டால் என் வைத்தியம் ஒரு நூல்கூட மாறக் கூடாது, அதை வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். படிவம் தமிழில் இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்கள் கையில் வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம், அவசரமே இல்லை.

பின்னாளில் புது மருந்துச் சோதனை என்று யாராவது கூப்பிட்டால் அது வேறு விஷயம், அதற்கு இன்னும் நிதானம் வேண்டும். அது மத்திய அரசின் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் வைத்தியச் செலவும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. 'ஆராய்ச்சி சிகிச்சை, ஸ்டெம் செல், இவ்வளவு லட்சம் கட்டுங்கள்' என்று எவராவது வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஆய்வுக்கு நோயாளி கட்டணம் கட்டுவது கிடையாது.

கையெழுத்துப் போடவே முடியாமல் போனாலும் ஒரு காரியம் செய்யலாம். தையல் அளவு எழுதுகிற நோட்டு உங்களிடம் இருக்கும். அதேபோல் ஒன்றில் மாத்திரை போட்ட நாள், விட்ட நாள், வீக்கம், தசைப்பிடிப்பு, ஸ்கேன் தேதி என்று எழுதி வாருங்கள். வெளுத்துப் போவதைப் பற்றியும் எழுதுங்கள். நிறமி செல்களுக்கும் அதே கிட் தேவை, மிதியை இமாடினிப் தடுக்கும்போது அவையும் சோம்பிப் போகின்றன. வெள்ளைத் தோல்காரர்களிடம் இது அவ்வளவாகத் தெரியாது. நம் நிறத்தில்தான் பளிச்சென்று தெரியும். இதைப் பற்றி நீங்கள் எழுதி வைப்பது டாக்டருக்கும் உதவும். ஜிஸ்ட் நோயாளிகள், ஒரு வகை ரத்தப் புற்றுநோயாளிகளுக்காக ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மேக்ஸ் என்ற அமைப்பு இந்தியாவில் இயங்குகிறது, டாக்டரிடம் அதைப் பற்றியும் விசாரியுங்கள். இதே மாத்திரையோடு பத்து வருடம் தாண்டியவர்களை நேரில் பார்ப்பது, நான் எழுதுகிற எந்த வரியைவிடவும் தெம்பு தரும்.

ஸ்கேனுக்கு முந்தின இரண்டு நாள் தூக்கம் வராது. எல்லோருக்கும் அப்படித்தான். அந்த வாரம் அவசர ஆர்டர் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரிசல்ட் வாங்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள்.

க்ரீம் கேட்கிறவர்களுக்கு எல்லாக் கதையும் சொல்லத் தேவையில்லை. "ஒரு மாத்திரை சாப்பிடுறேன், அது பண்ற வேலை. கொஞ்சம் கையைத் தூக்குங்க, அளவு எடுக்கணும்" என்று டேப்பை நீட்டிவிடுங்கள்.